காது கொடுத்து வாங்க வேண்டிய வண்டி

கல்முனை பஸ் நிலையத்தடியில் ஒரு பிளேன்டி குடித்து முடிக்கிற நேரம் நின்று, போகிற வருகிற மோட்டார் சைக்கிள்களின் இலக்கத்தகடுகளை மட்டும் பாருங்கள். ஸ்ரீ எழுத்துப் பொறித்த தகடு எப்போதாவது ஒன்று வரும். ஓட்டி வருபவர் அநேகமாக அறுபதைத் தாண்டிய ஒரு போடியாராக இருப்பார். இல்லையென்றால் பழைய வண்டிப் பித்துப் பிடித்த இருபது வயதுப் பொடியன். அந்தச் சிங்கள எழுத்து தகட்டில் ஏறிய காலத்தில், 1950-களின் இறுதியில், தமிழ்ப் பகுதிகளில் அதன்மேல் தார் பூசி எதிர்த்தார்கள். இன்று ஸ்ரீ நம்பர் புத்தகத்தோடு ஓடுகிற நிலையில் ஒரு வண்டி இருந்தால், அதைத் தேடிக்கொண்டு அக்கரைப்பற்றிலிருந்தும் ஆள் வருகிறது. அதற்கடுத்து, எண்களுக்கு நடுவே வெறும் கோடு போட்ட தகடுகள். பிறகு ஆங்கில எழுத்துகள், முன்னால் சின்னதாய்க் கிழக்கு மாகாணத்துக்குரிய ஈபி. கடைசியாக, பி-யில் தொடங்கும் மூன்றெழுத்து வரிசை.

விசயம் அந்த மூன்றெழுத்து வரிசைக்குள் இருக்கிறது. அது ஓரிடத்தில் ஏறக்குறைய நின்றுபோய்விட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் உள்ளூரில் பொருத்தி விற்ற கொஞ்சத்தையும், மின்சார வண்டிகள் சிலதையும் விட்டால், ஐந்து வருடம் எங்கள் வீதிக்குப் புது பைக் வரவில்லை. அதே ஐந்து வருடத்தில்தான் பைக் என்ற பொருளே மாறிப்போனது. 2020 ஏப்ரல் முதலாம் திகதி இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது; அதோடு அங்கே பெரும்பாலான பைக்குகளில் காபரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. யமஹா எஃப்இசட் போன்ற ஒருசில வண்டிகள் முன்னரே மாறியிருந்தன. மற்றவற்றில் அநேகமானவை ஒரேயடியாக மாறின. அந்த மாற்றத்தை நாங்கள் கண்ணால் காணவில்லை. தடை எடுபட்டு ஷோரூமில் புது வண்டி வந்து நின்றபோது, வீதியில் கடைசியாக வந்த பழையதற்கும் அதற்கும் நடுவே ஒரு தலைமுறை காணாமல் போயிருந்தது.

ஆகவே, ‘பழைய பைக் எடுக்கிறதா, புது மொடல் எடுக்கிறதா’ என்ற கேள்வி மற்ற ஊர்களைவிட எங்கள் கரையில் கூர்மையானது. இரண்டும் வேறு வேறு சாமான். ஒன்றைக் காதாலும் விரலாலும் அறியலாம். மற்றதைக் கம்பனியின் வாக்கை நம்பி வாங்க வேண்டும். நான் முதலாவதன் ரசிகன். அதற்கான நியாயத்தைச் சொல்கிறேன். அந்த நியாயம் எங்கே முடிகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எம்டி 90-இல் தொடங்கலாம். 1971-இல் ஜப்பான் தபால்துறைக்கென்றே ஹோண்டா செய்த வண்டி இது. சூப்பர் கப்பின் குடும்பம். ஆனால் சில்லு சின்னது, 14 அங்குலம். முன்னுக்கு நேரான போர்க், பின்னுக்குக் கடிதப் பெட்டியைத் தாங்குகிற தடித்த கெரியர், சிவப்புப் பெயின்ட். அங்கே ஓடி முடித்த வண்டிகள் ரீகண்டிஷன் என்ற பெயரில் கப்பலேறி வந்தன. வன்னியில் போர்க்காலத்தில் அது ஓடாத ஒழுங்கை இல்லை. எங்கள் பக்கத்தில் அதன் இடம் வட்டை. சம்மாந்துறைக்கும் நிந்தவூருக்கும் மேற்கே கல்லோயாத் தண்ணீர் பாயும் வயல்வெளியில், ஒரு முழம் அகல வாய்க்கால் வரம்பில், பின்னால் ஒரு உரப் பையும் அதன்மேல் ஒரு ஆளுமாக, இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போகிற வண்டி அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

இதன் அழகு எங்கே இருக்கிறதென்றால், இடது கையில். கிளச் பிடி கிடையாது. கியரைக் காலால் மிதித்தால் கிளச் தன்பாட்டில் விட்டுப் பிடிக்கும். 1958 ஓகஸ்டில் முதல் சூப்பர் கப் வந்தபோதே இந்த ஏற்பாடு இருந்தது. ஹோண்டாவின் பங்காளி புஜிசாவா, ஒரு கையில் சோபா நூடில்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டுகிற கடைப் பையனை மனதில் வைத்து இதைக் கேட்டார் என்று சொல்வார்கள். தோக்கியோவின் சோபாக்கடைப் பையனுக்கு யோசித்தது, தோளில் மண்வெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வட்டைக்குப் போகிற எங்கள் ஆளுக்கு அப்படியே பொருந்திவிட்டது. ஒரு கையால் ஓட்டுவதை பொலிஸ் ஒத்துக்கொள்ளாது; வரம்பில் பொலிஸும் இல்லை. அந்தக் குடும்பத்து வண்டிகள் 2017-இல் உலகம் முழுக்கப் பத்துக் கோடியைத் தாண்டின. நல்ல வடிவம் என்பது செய்தவன் நினைத்துப் பார்த்திராத ஊரிலும் வேலை செய்கிறது.

அடுத்தது சீடி 125. எங்கள் ஊர்களில் ஒரு காலத்து அதிபர்மாரும் கங்காணிமாரும் பள்ளித் தலைவர்மாரும் ஓட்டிய வண்டி. 124 சீசீ-யை இரண்டு சிலிண்டராகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொன்றும் 44 மில்லிமீற்றர் போர், 41 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக். ஒரு பிஸ்டனை உள்ளங்கையில் வைத்தால் தேநீர்க் கோப்பையைவிடச் சின்னது. கணக்குப் பார்த்தால் வீண்செலவு: ஒரு சிலிண்டரில் முடிகிற வேலைக்கு இரட்டை வால்வ், இரட்டை ரிங், இரட்டைச் சைலன்சர். ஆனால் அதை நியூட்ரலில் விட்டு, ஹேண்டிலில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். ஒற்றைச் சிலிண்டர் வண்டி ஒவ்வொரு வெடிப்பையும் கைக்குச் சொல்லும். இது சொல்லாது; ஒரு சீரான மெல்லிய நடுக்கம் மட்டும். சத்தமும் அப்படித்தான், தொண்டைக்குள்ளேயே இருக்கும். சுபஹுக்குப் பள்ளிக்குப் போகிறவர் வீதியில் ஒருவரையும் எழுப்பாமல் போய்ச் சேரலாம். சைலன்சருக்குள் இருக்கிற தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நோன்பு இரவுகளில் மெயின் வீதியை அதிர வைக்கிற இளந்தாரிகளுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்திய வண்டிகளை இளக்காரமாகப் பேசுகிற பழைய ஜப்பான் ரசிகர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டம் இல்லை. 1984-இல் ஹீரோவும் ஹோண்டாவும் சேர்ந்தன. அடுத்த வருடம் சீடி 100 வந்தது, 1994-இல் ஸ்ப்ளெண்டர். அதன் 97 சீசீ எஞ்சின் அதே சூப்பர் கப் பரம்பரையில் வந்தது. வட்டைக்கு எம்டி 90 எப்படியோ, கடைக்கும் கந்தோருக்கும் ஸ்ப்ளெண்டர் அப்படி. மருதமுனையில் சாறன் கட்டுகளை முழங்கால் உயரத்துக்கு அடுக்கிக் கட்டிக்கொண்டு போகிற வியாபாரியின் வண்டியைப் பாருங்கள். பஜாஜ் சீடி 100-ஆக இருக்கலாம், பிளட்டினாவாக இருக்கலாம். அந்தச் சுமையோடும் எஞ்சின் மூச்சு வாங்காது. 2001-இல் பல்சர் வந்த பிறகு பொடியன்மாரின் கனவு மாறியது, நியாயம்தான். ஆனால் பல்சரைப் பழையதாக வாங்கும்போது முதல் சொந்தக்காரனின் வயதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தொன்பது என்றால் நான் யோசிப்பேன்.

இனிக் கலைக்கு வருகிறேன். பழைய வண்டியைப் பார்ப்பது ஒரு கலை என்பதைக் கல்முனைப் பின்வீதிகளின் கராஜ்களில் கண்டிருக்கிறேன். நல்ல பாஸ் ஒருவர் வண்டியைக் கண்டதும் ஸ்டார்ட் பண்ண மாட்டார். புறங்கையை எஞ்சினில் வைப்பார். சூடாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

“ஆறட்டும் தம்பி. அஸருக்குப் புறகு கொண்டு வாங்க.”

விற்கிறவர் ஏற்கெனவே சூடாக்கிக் கொண்டுவந்த எஞ்சின் எதையும் சொல்லாது. குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். முதல் கிக்கில் நீலப் புகை சற்றே வந்து மறைந்தால் வால்வ் சீல் காய்ந்திருக்கிறது. அது சின்ன வேலை. முறுக்கும்போதெல்லாம் நீலம் வந்துகொண்டே இருந்தால் ரிங் போய்விட்டது, போர் பண்ண வேண்டும். கறுப்புப் புகை என்றால் பெற்றோல் கூடிப்போகிறது. காபரேட்டரைத் திறந்து பார்த்தால் தீரும்.

பிறகு அந்த நீட்டு ஸ்குரூ டிரைவர். அதன் நுனியை டெப்பட் மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். வைத்தியரின் குழாய் செய்கிற வேலையை இரும்புக் கம்பி செய்கிறது. மேலே டிக் டிக் என்று லேசாக ஒரு ஒழுங்கில் கேட்டால் அவர் முகத்தில் மாற்றம் இராது. ஒரு சத்தமும் இல்லையென்றால்தான் புருவம் ஏறும். விற்பதற்காக டெப்பட்டை இறுக்கி வைத்திருக்கிறார்கள். இறுகிய வால்வ் முழுசாக மூடாது, நாளாக நாளாக எரிந்துபோகும். சத்தமில்லாத பழைய எஞ்சினைக் கண்டு மயங்காமல் இருப்பது இந்த ரசனையின் முதல் பாடம். பிறகு நுனியைப் பக்கவாட்டுக்கு நகர்த்துவார். கரகர என்றால் டைமிங் செயின். கீழே, கிராங் பகுதியில், டொக் டொக் என்று ஆழத்திலிருந்து வந்தால் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழும்பிவிடுவார்.

“என்ன காக்கா?”

“எடுக்கத் தேவல்ல. கொன்ரொட் அடிக்கிது. பெயின்ட் வடிவாத்தான் இரிக்கி, பெயின்ட்ட வெச்சி என்ன செய்ற?”

ஒயில் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பதும் இதில் சேரும். பாலாடை மாதிரி வெள்ளையாகப் பிடித்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர். முன் சில்லைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு சின்னக் கடி தெரிந்தால் ஸ்டியரிங் பெயரிங் தேய்ந்திருக்கிறது. கிலோமீற்றர் மீற்றரைப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. அதைத் திருப்பத் தெரியாதவன் சந்தையில் இல்லை. அதற்குப் பதிலாகக் கால்மிதி ரப்பரைப் பாருங்கள், கியர் லீவரின் நுனியைப் பாருங்கள், சுவிட்சில் எழுத்து அழிந்திருக்கிறதா பாருங்கள். மீற்றர் 20,000 சொல்லி, கியர் லீவர் நுனி மொட்டையாகியிருந்தால் லீவரை நம்புங்கள். செசி நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் எந்த ஊர்ப் பாஸும் சொல்வது. கடற்கரைக்கென்று தனியாக ஒரு படிப்பு இருக்கிறது. மருதமுனையிலிருந்து ஒலுவில் வரை கரையோரத்தில் வண்டியைத் தின்கிறது உப்புக்காற்று. மேலே அது தெரியாது. டேங்கின் அடியிலும் மட்கார்ட்டின் உட்பக்கத்திலும் சைலன்சரின் வயிற்றிலும் கை விட்டுத் தடவ வேண்டும்; ஸ்போக் கம்பி ரிம்முக்குள் நுழைகிற துவாரத்தில் பழுப்பு ஒழுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கிலோமீற்றர் மேற்கே, மெயின் வீதிக்கு அந்தப் பக்கம் நின்ற வண்டியும், கடலைப் பார்த்த வீட்டில் நின்ற வண்டியும் ஒரே வருடத்தவையாக இருந்தாலும் ஒரே வயதல்ல. ஆகவே நான் வருடத்தைவிட வீட்டைத்தான் முதலில் கேட்பேன். வட்டையில் ஓடிய வண்டிக்கு எதிரி வேறு: யூரியா. பையிலிருந்து சிந்துகிற உரம் பனியில் நனைந்து கெரியரின் மூட்டுகளையும் பின்பக்கச் சட்டகத்தையும் அரித்துவிடும். கெரியரைக் கழற்றிப் பார்க்காமல் வட்டை வண்டி எடுக்கக் கூடாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நீண்ட காலம், பழைய வண்டி விலை பேசும்போது இங்கே கேட்கப்பட்ட முதல் கேள்வி ‘கடல் தண்ணி பட்டதா?’ என்பது. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் மனிதர்களே போன இடத்தில் வண்டிகளைப் பற்றிப் பேசுவது கூச்சமான விசயம்தான். ஆனால் மிஞ்சியவர்கள் மறுபடி உழைக்க வண்டி வேண்டியிருந்தது. சேற்றிலிருந்து இழுத்தெடுத்து, டீசலில் கழுவி, மறுபடி ஓட்டினார்கள். எஞ்சின் பிழைத்தது, வயரிங்தான் பிழைக்கவில்லை. செப்புக் கம்பி உள்ளுக்குள்ளேயே பச்சை பூத்து, ஒரு மழை நாளில் லைட் அணையும், மறுநாள் ஹோர்ன் தானாக அடிக்கும். அந்த வண்டிகளை இன்று பார்ப்பது அரிது. வயரிங் மூட்டைக் கழற்றி நிறம் பார்க்கும் பழக்கம் மட்டும் பாஸ்மாரிடம் நிலைத்துவிட்டது.

இன்னொரு வகையும் உண்டு, இது எங்கள் ஊர்களுக்கே உரியது. கட்டார் வண்டி என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை வெளிநாடு போகும்போது பைக்கைப் பந்தலுக்குள் விட்டு, மேலே ஒரு துணியைப் போட்டுவிட்டுப் போகிறான். இரண்டு வருடம் கழித்து வாப்பா அதை விற்கிறார். ஓட்டம் குறைவு, பெயின்ட் பளபளப்பு, ஒரு கீறல் இல்லை. வாங்குபவர் துள்ளிக் குதிப்பார். ஆனால் டேங்கில் விட்டுப்போன பெற்றோல் காபரேட்டருக்குள் பிசினாகியிருக்கும், டேங்கின் உட்சுவரில் துரு, ரப்பர் சீல் எல்லாம் காய்ந்து வெடிப்பு, டயரின் ஒரு பக்கம் சப்பை. ஓடிய வண்டியைவிட நின்ற வண்டிக்குச் செலவு கூட. தினமும் ஓடிய, கொஞ்சம் கீறல் விழுந்த, ஒயில் நேரத்துக்கு மாற்றிய வாத்தியாரின் வண்டியையே நான் எடுப்பேன்.

காசு விசயத்தையும் பேச வேண்டும். ரசனை அதற்கு வெளியே இல்லை. புது பைக் என்றால் பெரும்பாலானவர்களுக்கு லீசிங். லீசிங் என்றால் வட்டி. வட்டிக்கு அஞ்சுகிற மனிதர்கள் நிறைந்த ஊர் இது. 2011-இல் அமானா வங்கி தொடங்கிய பிறகும், சில நிறுவனங்கள் இஸ்லாமிய முறைப் பிரிவுகளைத் திறந்த பிறகும் வழிகள் கூடியிருக்கின்றன. இருந்தாலும் கையிலுள்ள காசுக்குப் பழைய வண்டி, மிச்சத்துக்கு மச்சானிடம் கைமாற்று என்பதே பலரின் வழி. எங்கள் ஊர்களில் பழைய வண்டிச் சந்தை இவ்வளவு தேர்ந்ததாக வளர்ந்ததற்கு ஏழ்மையைப் போலவே இந்தப் பேணுதலும் காரணம் என்று நினைக்கிறேன். ரொக்கம் எண்ணிக் கொடுப்பவன் வண்டியைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவான்.

2022 வந்தபோது அந்தச் சந்தையே தலைகீழானது. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடுகிற ஸ்ப்ளெண்டர்க்காரனுக்குக் கிழமைக்கு 240 கிலோமீற்றர் இருந்தது; பெரிய எஞ்சின் வைத்திருந்தவன் பாதியில் நின்றான். புது வண்டியும் வரவில்லை. சில பழைய வண்டிகள் புதிதாக வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விலைபோயின. முன்னர் யாரும் திரும்பிப் பார்க்காத சீடி 100-களைத் தூசி தட்டி எடுத்தார்கள். 2023 செப்டெம்பரில் அட்டை முறை முடிந்தது. விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

இனிப் புதியதன் பக்கம். தயங்காமல் சொல்ல வேண்டியது அதிலும் இருக்கிறது. காலையில் சோக் இழுக்க வேண்டாம். பட்டனை அமுக்கினால் எஞ்சின் ஒரே சீரில் நின்று பேசும். அலோய் சில்லில் உப்பு ஸ்போக்கில் செய்கிற அநியாயம் நடக்காது. டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் நடு வீதியில் வண்டியைத் தள்ள வேண்டியதில்லை. ஸ்கூட்டர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம்: அபாயா அணிந்த ஆசிரியைகளும் ஒலுவில் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் தங்கள்பாட்டில் போய்வர முடிந்தது, செயின் வெளியே தெரியாத, கியர் இல்லாத அந்த வண்டிகளால்தான். துணி சிக்காது, செருப்பு தேயாது. ஸ்கூட்டி பெப்பும் டியோவும் இந்தக் கரையில் செய்த வேலையை எந்த ஜப்பான் கிளாசிக்கும் செய்யவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே பிரேக். பழைய வண்டியின் ரசிகர்கள் இந்த இடத்தில் பேச்சை மாற்றுவார்கள். எம்டி 90-இன் டிரம் பிரேக் வரம்புக்குப் போதும். ஏ4 வீதிக்குப் போதாது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் சுமார் 40 கிலோமீற்றர். தெற்கே அக்கரைப்பற்றைத் தாண்டிப் பொத்துவில் பக்கம் போனால் இருட்டில் மாடு படுத்திருக்கும். அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பாதியில் நெல் காயும். காய்கிற நெல்லின்மேல் சில்லு ஏறி, அதே நேரம் பிரேக்கைப் பிடித்தவருக்குத் தெரியும், அது மணலைவிட மோசம். சில்லு பூட்டிக்கொண்டால் வண்டி படுத்துவிடும். ஏபிஎஸ் செய்வது இதைத்தான்: பூட்டப்போகும் சில்லைக் கண நேரத்தில் பலமுறை விட்டுப் பிடிக்கிறது. மனிதக் கைக்கோ காலுக்கோ, எவ்வளவு தேர்ந்ததானாலும், அது முடியாது. இந்தியாவில் 125 சீசீ-க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். இங்கே விற்பனைக்கு வருவதில் இருப்பதும் உண்டு, இல்லாததும் உண்டு. ஷோரூமில் நிறத்தைக் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.

புதியதில் என் மனம் ஒட்டாததற்குக் காரணம் ஒன்றுதான். அது பழுதானால் ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துப் பயனில்லை. சென்சர் பிழை என்று ஒரு மஞ்சள் லைட் எரியும். அதை வாசிக்கக் கருவி வேண்டும், கருவியைக் கையாளத் தெரிந்த ஆள் வேண்டும். எங்கள் கராஜ்களில் இளம் பொடியன்மார் போனையும் ஒரு சின்னக் கருவியையும் வைத்து அதைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய விசயம். ஆனாலும் கிக் லீவர் இல்லாத புது வண்டியின் பெற்றரி இறங்கினால் இப்போதைக்குத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். காபரேட்டர் வண்டிக்குப் பொத்துவில் வரை ஒவ்வொரு சந்தியிலும் வைத்தியர் இருக்கிறார். சாமான் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது கிடைக்கும், இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் விடிய வந்து சேரும்.

என் தீர்ப்பு இது. எஞ்சினின் சத்தத்தை வாசிக்கத் தெரிந்தவர், அல்லது வாசிக்கத் தெரிந்த ஒரு பாஸின் நம்பிக்கையைப் பெற்றவர், ஊருக்குள்ளும் வட்டைக்கும் ஓட்டுபவர் என்றால் பழையதை எடுங்கள். தடைக்கு முன் வந்த, மெயின் வீதிக்கு மேற்கே நின்ற, தினமும் ஓடிய ஒரு நூறு சீசீ வண்டியை மிஞ்ச இன்றைய விலைக்கு ஒன்றும் இல்லை. வாசிக்கத் தெரியாதென்றால் புதியதை எடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நாளாந்தம் ஏ4-இல் இரவில் ஓடுகிறவருக்கு, ரசிகனாக இருந்தாலும், ஏபிஎஸ் உள்ள புதியதைத்தான் சொல்வேன். சீடி 125-ஐ வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

பழையது எடுப்பவருக்கு இரண்டு வார்த்தை. ஓப்பன் பேப்பரில் ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். நாலு கை மாறிய பிறகு முதல் ஆளைத் தேடி மாளிகைக்காட்டிலும் மதீனாவிலும் அலைவதைவிட, வாங்கிய கையோடு பெயரை மாற்றுவது மலிவு. பின் டயரையும் பிரேக் லைனிங்கையும் அந்தக் கிழமையே மாற்றிவிடுங்கள். ஸ்டிக்கர் அடுத்த மாதம் ஒட்டலாம்.